217 இன்னும் ஏறவில்லை

மதியம் ஒன்று பன்னிரண்டுக்கு ஒரு வரி அதிகமாக இருந்தது.

பூவிழி அதை முதலில் திரையில் ஒட்டிய தூசி என்றுதான் நினைத்தாள். செந்துறை ரோட்டு மைன்ஸில் சுண்ணாம்புத் தூசி படியாத பொருள் கிடையாது. மேசை, நாற்காலி, தண்ணீர் பாட்டில், இரும்பு கேபினின் மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் சர்வர் பெட்டி, காலையில் கீழப்பழுவூரில் பஸ் ஏறும்போது அவள் தலையில் வைத்துக்கொண்ட கனகாம்பரம், எல்லாம் மதியத்துக்குள் ஒரே வெள்ளையாகிவிடும். துப்பட்டா நுனியால் லேப்டாப்பைத் துடைத்தாள். தூசி போனது. வரி போகவில்லை.

குழிக்கேட். ஏறுதல். எண் 217. பதில் 302.

அது சர்வரின் லாக். தன்னிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும், அதற்குத் தான் சொன்ன பதிலையும் சர்வர் ஒரு வரியாக எழுதிக்கொண்டே போகும். 200 என்றால் சரி, கேட்டதைக் கொடுத்தேன். 404 என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை. 500 என்றால் நானே இடறி விழுந்துவிட்டேன். 302 என்றால் வந்தவரை வேறு பக்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வழக்கமாக அந்த நேரத்தில் லாக்கில் ஒன்றும் இருக்காது. ஒரு மணிக்குச் சங்கு மூன்று தடவை ஊதும். டிப்பர்கள் ஓரமாக நின்றுவிடும், கிரஷரின் அரைக்கும் சத்தம் அடங்கும், வெயில் மட்டும் வெள்ளைப் பாறைகளில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசவைக்கும். ஒன்று பத்துக்கு வெடி. கேபினின் தரை ஒரு தடவை தூக்கிப் போட்டதுபோல் அதிரும், டீ கிளாஸ் கிணுகிணுக்கும், தூரத்தில் கல் சரிந்து சரிந்து கடைசியில் ஒரு பொடிக்கல் மட்டும் உருண்டு நிற்கும். ஒன்றரைக்கு மறுசங்கு ஊதும்வரை குழிக்கேட் பக்கம் ஒரு ஆள் நடமாடக்கூடாது.

அது மட்டுமல்ல. 217 என்ற எண்ணை நாற்பது நாளைக்கு முன்னால் அவள் தன் கையாலேயே அழித்திருந்தாள்.

அந்த சாஃப்ட்வேரை எழுதியது அவள்தான். அரியலூரில் ஒரு மொபைல் கடைக்கு மேல்மாடியில் நாலு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி அவளுடையது. வாரத்தில் ரெண்டு நாள் மைன்ஸில் வந்து உட்காருவாள். குழிக்குள் இறங்கும் ஆள் கேட்டில் கட்டைவிரலை வைத்துவிட்டு இறங்க வேண்டும், மேலே வரும்போது மறுபடியும் வைக்க வேண்டும். வெடிக்கு முன்னால் வெடிக்காரர் பஞ்சநாதன் தன் போனில் ‘குழியில் யார்’ என்ற பொத்தானை அழுத்துவார். உள்ளே ஆள் இருந்தால் சிவப்புப் பக்கத்தில் பெயர்கள் வரும். இல்லையென்றால் பச்சை. பஞ்சநாதன் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அவர் பார்ப்பது நிறத்தை.

புது கான்ட்ராக்ட் ஆட்கள் வரும் நாட்களில் எண் கொடுத்திருப்பார்கள், பெயர் ஏற்றியிருக்க மாட்டார்கள். பட்டியல் தயாரிக்கும் கோட் அந்த இடத்தில் பெயரைத் தேடி இடறும். 500. வெறும் திரையில் நாலு வரி ஆங்கிலம். வெடி தள்ளிப்போகும். மேனேஜர் கோகுலகிருஷ்ணன் அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்.

“எர்ரர் பேஜே வரக்கூடாதும்மா. எங்க இடிச்சாலும் முதல் பக்கத்துக்குத் தள்ளி விட்டுடு. பாக்க நீட்டா இருக்கணும்.”

“சார், அப்புறம் என்ன தப்புன்னே தெரியாமப் போயிடும்.”

“தப்பு எனக்கு எதுக்குத் தெரியணும்? வேலை ஓடணும்.”

மூன்று வரி எழுதினாள். எந்தத் தவறு வந்தாலும் பிடி. யாரிடமும் சொல்லாதே. முதல் பக்கத்துக்குத் திருப்பு. முதல் பக்கத்தில் கம்பெனியின் பெயரும், அதற்குப் பின்னால் பளிச்சென்று ஒரு நிறமும் மட்டும்தான். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அவளே தேர்ந்தெடுத்த நிறம். பச்சை.

பத்தாவது நாள், செல்லதுரை என்ற டிரில் ஓட்டுகிறவனின் விரல் மிஷினில் விழவில்லை. பல வருஷம் சுண்ணாம்பில் கிடந்த விரல், ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. கேட்டில் இருந்தவர்கள் அவசரத்துக்கு 217 என்று புது எண் போட்டு உள்ளே விட்டார்கள். பெயர் ஏற்றவில்லை. ஒரு மணிக்கு எல்லோரும் ஏறிவிட்டார்கள். பாறையில் மாட்டிக்கொண்ட டிரில் ராடை உருவிக்கொண்டு செல்லதுரை மட்டும் கீழேயே நின்றான். பஞ்சநாதன் பொத்தானை அழுத்தினார். கோட் பெயரைத் தேடி இடறியது. மூன்று வரியும் சொன்னபடி செய்தன. போனில் பச்சை வந்தது.

மூன்று சாக்கில் அள்ளினார்கள்.

அன்று சாயங்காலம் கோகுலகிருஷ்ணன் இந்தக் கேபினில் நின்றுகொண்டுதான் சொன்னார். “இன்னைக்கு அவன் வேலைக்கே வரல. குடிச்சிட்டு வேலி தாண்டி உள்ள பூந்துட்டான். புரியுதா? லாக்குல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்துடு.” அவள் எடுத்தாள். எண்ணை எடுத்தாள், இறங்கிய நேரத்தை எடுத்தாள். முதல் பக்கத்தின் பச்சையைச் சாம்பல் நிறமாக்கினாள். மூன்று வரியை மட்டும் தொடவில்லை. தொட்டால், என்றைக்குத் தொட்டாள் என்று அதற்கும் ஒரு தேதி விழும்.

மறுசங்கு ஊதியதும் குழிக்கேட்டுக்கு நடந்தாள். இருநூறு எட்டு தூரம். தகரக் கூரைக்கு அடியில் ஒரு தூண், தூணில் டேப்லெட், அதற்குக் கீழே விரல் வைக்கும் கண்ணாடி, பக்கத்தில் குறுக்குக் கம்பி. பஞ்சநாதன் தூணுக்குத் தள்ளி நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஈரச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. கரைத்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, ஓரத்தில் மட்டும் வெற்றிலைச் சாறு போல ஒரு சிவப்பு. குனிந்தபோது வெடிமருந்து நெடி மூக்கில் ஏறியது. தீக்குச்சியும் மூத்திரமும் கலந்த மாதிரி. அதற்கு அடியில் இன்னொரு வாடை. கறிக்கடை மரக்கட்டையில் மத்தியானத்துக்கு மேல் வருவது.

“அண்ணே, ஒன்னேகால் வாக்குல இங்க யாராச்சும் நின்னாங்களா?”

பஞ்சநாதன் அவளைப் பார்க்கவில்லை. “சங்கு ஊதுனப்புறம் இங்க யாரு மேடம் நிப்பா?”

“விரல் வச்சிருக்காங்க.”

“தெனமும் வைக்கிறாங்க.” துண்டை உதறித் தோளில் போட்டார். “தெனமும் நான்தான் தொடைக்கிறேன். ஒரு வாரமா.”

“யாருகிட்டயும் சொல்லலையா?”

“பட்டனை அமுத்துனது நானு. சாக்குல அள்ளுனதும் நானு. நான் போயி யாருகிட்ட மேடம் சொல்றது?”

கண்ணாடியைத் துடைத்துவிட்டு, துண்டை மடித்து, கறை பட்ட பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக்கொண்டார்.

மறுநாள் ரோட்டு கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பாக்யலட்சுமி நின்றிருந்தாள். செல்லதுரையின் பெண்சாதி. வேலிக்கருவை நிழலில், ஒரு மஞ்சள் பையோடு. பூவிழி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். அவள் கூடவே வந்தாள்.

“அக்கா, கம்ப்யூட்டர் பாக்குறவங்க நீங்கதானாமே?”

“மேனேஜர்கிட்ட கேளுங்க.”

“கேட்டுட்டேன். அன்னைக்கு வேலைக்கே வரலைங்கிறாரு. காலையில சோறு கட்டிக் குடுத்து நான்தானக்கா அனுப்புனேன். எங்களுக்கு ஒண்ணும் வேணாம். அன்னைக்கு அவரு வேலைக்குத்தான் வந்தாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. குடிச்சிட்டு செத்தான்னு ஊரே பேசுது. எம்புள்ள பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

“கம்ப்யூட்டருக்குத் தெரியுமில்ல?” என்றாள் பாக்யலட்சுமி. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பூவிழி கேபினுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். ஏசி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணிவரை லாக்கைத் திறக்கவில்லை. சங்கு ஊதியது. ஒன்று பத்துக்குத் தரை அதிர்ந்தது, கல் சரிந்தது, அடங்கியது. லேப்டாப்பைத் திறந்தாள்.

ஒன்று பன்னிரண்டு. குழிக்கேட். ஏறுதல். எண் 217. பதில் 302.

இன்னொன்று. இன்னொன்று. நேற்று ஒரு வரி, இன்று ஒரு நொடிக்கு ஒரு வரி. திரை கீழேயிருந்து மேலே நகர்ந்துகொண்டேயிருந்தது. ஏறுதல், 302. ஏறுதல், 302. அவள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். வெயிலில் கேட் தெளிவாகத் தெரிந்தது. தூண். தகரம். குறுக்குக் கம்பி. ஆள் இல்லை. ஆனால் தகரக் கூரைக்கு அடியில், தூணுக்கு முன்னால் மட்டும், தூசி அடங்காமல் ஒரு ஆள் உயரத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கீழே இருப்பவன் மேலே வரப் பார்க்கிறான். விரலை வைக்கிறான். சர்வர் அவனைத் தேடுகிறது, காணவில்லை, இடறுகிறது. உடனே அந்த மூன்று வரி அவனைப் பிடித்து, ஒன்றும் சொல்லாமல், முதல் பக்கத்துக்குத் திருப்பி விடுகிறது. அவன் மறுபடியும் வருகிறான். மறுபடியும் திருப்பி விடுகிறது. ஒரு வாரமாக.

ஏதாவது செய்தாக வேண்டும். இது நிற்க வேண்டும். அவ்வளவுதான் தோன்றியது. மூன்று வரியை அழித்துவிட்டு, முறையாக எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதினாள்: எண் பட்டியலில் இல்லையென்றால் 404. ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை.’ சேமித்தாள். சர்வரை அணைத்துத் திறந்தாள்.

ஏறுதல். எண் 217. பதில் 404.

லாக் நின்றது.

அவள் மூச்சை எண்ணினாள். ஒன்று, ரெண்டு, மூன்று. ஏசி சொட்டியது. நாலு. ஐந்து.

குழிக்கேட்டிலிருந்து ஒரு சத்தம். பெரிய சுத்தியலால் ஒரே அடி. அடுத்து ஒரு நாயின் குரல், பாதியில் அறுந்தது.

மறுசங்கு ஊதி அவள் போய்ச் சேர்ந்தபோது நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். டேப்லெட் நடுவில் குழிந்து தூணுக்குள் அமுங்கியிருந்தது. குறுக்குக் கம்பி முறுக்கிய துணியைப்போல் வளைந்து கிடந்தது. கேட்டு நிழலில் எப்போதும் படுத்திருக்கும் செவலை நாய் பத்தடி தள்ளி, தடுப்புச் சுவரில், தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் உடம்பு முழுக்கப் பொடிக்கற்கள் உள்ளே இறங்கியிருந்தன. அது மெதுவாகச் சுவரிலிருந்து உரிந்து கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒருவன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

“கல்லு பறந்து வந்திருக்கு. வெடி ஓவராயிடுச்சு,” என்றார் கோகுலகிருஷ்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி. பூவிழியின் முழங்கையைப் பிடித்துக் கேபினுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். கதவைச் சாத்தினார். “என்ன பண்ணுன?”

அவள் லாக்கைக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். அவர் சட்டையிலிருந்து சென்ட் வாசனை வந்தது, அதற்குள் வியர்வை. ரொம்ப நேரம் பார்த்தார். “யாரோ வெளையாடுறான்,” என்றார். குரல் சன்னமாக இருந்தது. “வயரைப் புடுங்கு.”

குழிக்கேட்டிலிருந்து வரும் வயரைச் சர்வரிலிருந்து பிடுங்கினாள். கையில் வைத்திருந்தாள். அதன் முனை காற்றில் ஆடியது.

ஏறுதல். எண் 217. பதில் 404.

ஏறுதல். எண் 217. பதில் 404.

ரெண்டு பேரும் வயரைப் பார்த்தார்கள்.

“சார்,” என்றாள். “அவன் அன்னைக்கு வேலைக்கு வந்தான்னு திருப்பிப் போட்டுடலாம் சார். எங்கிட்ட பழைய காப்பி இருக்கு. பென்டிரைவ்ல எடுத்து வச்சிருக்கேன்.”

அவர் முகம் மாறியது. “காப்பி வச்சிருக்கியா? எவன் சொல்லி வச்ச? வெளிய போச்சுன்னா மொதல்ல உள்ள போறது நீதான். கோட் எழுதுனது நீ, அழிச்சது நீ. என் கையெழுத்து எங்கயாச்சும் இருக்கா?” அவர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். “அந்த நம்பரைத் தூக்கி வேற எங்கயாச்சும் தள்ளி விடு. எம் பார்வையில படக்கூடாது.”

“எங்க சார் தள்றது?”

“எங்கயாவது! அது உன் வேலை.”

கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனார்.

அவள் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. அப்போது நினைத்தது என்ன என்று அவளால் தெளிவாகச் சொல்ல முடியாது. பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அது சூடாக இருந்தது. சாஃப்ட்வேரில் மேனேஜருக்கென்று ஒரு பக்கம் உண்டு. சந்தேகமான எண் வந்தால் அவர் போனுக்குப் போகும்; ஏற விடலாமா, ஆம், இல்லை. அவர் விரல் வைத்தால்தான் மேலே நகரும். 217-ஐ அந்தப் பக்கத்துக்குத் திருப்பினாள். ஒரே வரிதான்.

சேமித்தாள். அணைத்துத் திறந்தாள். ஜன்னலுக்கு வந்தாள்.

கோகுலகிருஷ்ணன் முற்றத்தைத் தாண்டி ஜீப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வெள்ளை வெயில். வெள்ளைத் தரை. வெள்ளைச் சட்டை. நடுவில் நின்றார். போனை எடுத்தார். வெயிலுக்குக் கையால் மறைத்துத் திரையைப் பார்த்தார். அவர் தோள்கள் சுருங்குவது இங்கிருந்தே தெரிந்தது. கட்டைவிரலால் அழுத்தினார்.

அவள் பின்னால் லேப்டாப் ஒரு வரி எழுதியது. அனுமதி. எண் 217. இல்லை.

அவருக்கு முன்னால் தூசி எழுந்தது. ஒரு ஆள் உயரம்.

சத்தமே வரவில்லை.

அவர் வலது கை தோளிலிருந்து போனது. யாரோ கிளையை ஒடித்ததுபோல. போனோடு போய் விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். வாயைத் திறந்தார். சட்டையின் நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்தது. பத்து. துணி உள்ளேயிருந்து வெளியே கிழிந்தது. அவர் உடம்புக்குள்ளிருந்து கல் வந்தது. கைநிறையக் கைநிறைய, சுண்ணாம்புக்கல், ரத்தம் சொட்டச் சொட்ட. விலா திறந்தது. தாடை பறந்தது. வயிறு தரையில் கொட்டியது. கால்கள் மட்டும் இன்னும் ஒரு எட்டு வைத்தன. மடிந்தன.

அப்புறம்தான் வெடிச் சத்தம் வந்தது.

கேபின் தூக்கிப் போட்டது. அவள் தரையில் கிடந்தாள். ஜன்னல் கண்ணாடியில் ஒரு கல் பாதி உள்ளே, பாதி வெளியே மாட்டிக்கொண்டு நின்றது. அதில் எந்தக் காலத்துக் கடல்நத்தையோ கல்லாகிச் சுருண்டிருந்தது. நத்தையின் சுருளுக்குள் ரத்தம் ஓடிக் கீழே சொட்டியது. சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே ஆட்கள் ஓடினார்கள். யாரோ “அய்யோ அய்யோ” என்று ஒரே குரலில் கத்திக்கொண்டே ரோட்டுப் பக்கம் போனார்கள். டிப்பர் ஒன்று கதவைத் திறந்தபடியே கிளம்பிப் போனது. பிறகு ஒருவரும் இல்லை.

அவள் எழுந்தாள். லாக் ஓடிக்கொண்டிருந்தது.

ஏறுதல். எண் 217. பதில் 302.

நிற்கவில்லை. மேனேஜரிடம் தள்ளினாள், அவர் இல்லை என்றார், இப்போது அவரே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து மேலே வர வழியும் இல்லை. மறுபடியும் ஒரு ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மறுபடியும் ஒரு ஆள் துண்டு துண்டாகக் கிடக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை.

பென்டிரைவை எடுத்தாள். முதல் தடவை செருக முடியவில்லை. ரெண்டாவது தடவையும். பழைய காப்பியைத் திறந்தாள். அந்த நாள் இருந்தது. காலை ஆறு ஐம்பது, எண் 217, இறங்குதல். அதை அப்படியே எடுத்துப் பட்டியலில் போட்டாள். பெயர் என்ற காலி இடத்தில் தட்டினாள். செல்லதுரை. ஒவ்வொரு எழுத்தாக. திருப்பும் வரியை அழித்தாள்.

கைகூப்பிவிட்டு அணைத்துத் திறந்தாள்.

ஏறுதல். எண் 217. செல்லதுரை. பதில் 200.

ஒரு நொடி ஒன்றுமே இல்லை. ஏசி நின்றிருந்தது. பிறகு கேட்டில் வளைந்து கிடந்த குறுக்குக் கம்பி கிறீச்சிட்டுக்கொண்டு மேலே எழும் சத்தம் கேட்டது. அவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். முடிந்தது என்று நினைத்தாள். வாய்விட்டே சொன்னாள். “முடிஞ்சிடுச்சு.”

லாக் ஒரு வரி எழுதியது.

ஏறுதல். எண் 41. பதில் 200.

அவள் அந்த வரியைப் பார்த்தாள். அவள் சாஃப்ட்வேரில் எண்கள் நூறில்தான் தொடங்கும். 41 என்று யாரும் கிடையாது. இருந்ததும் கிடையாது.

ஏறுதல். எண் 38. பதில் 200.

ஏறுதல். எண் 26. பதில் 200.

வேகமில்லை. ஒருவர் பின் ஒருவராக, இடம் விட்டு.

12.

9.

எண் இருந்த இடத்தில் வெறும் இடம். பதில் 200.

வெறும் இடம். பதில் 200.

கேபினுக்குள் அந்த வாடை வந்தது. ஜன்னல் வெளிச்சம் குறைந்தது. அவள் ஜன்னலுக்குப் போகக்கூடாது என்று நினைத்தாள். கால்கள் போயின.

குழிக்கேட்டிலிருந்து கேபின் படிவரை ஒரு வரிசை.

வெள்ளை. எல்லோரும் வெள்ளை. தலைமுதல் சுண்ணாம்பு. சிலருக்குத் தலை இருந்தது. ஒருவர் தன் காலைக் குழந்தையைப்போல் இடுப்பில் வைத்திருந்தார். ஒரு பெண், கிரஷர் வருவதற்கு முந்தைய காலத்துக் கல்லுடைக்கும் சுத்தியலோடு. நெஞ்சுக்கு நடுவே அந்தப் பக்கத்து வெயில் தெரிந்தது. யாரும் அசையவில்லை. விரல் வைக்க நிற்கும் ஆட்களைப்போல் முறையாக நின்றார்கள்.

வரிசைக்கு முன்னால் பாக்யலட்சுமி. ரோட்டு கேட்டில் இருந்தவர்கள் ஓடியதும் உள்ளே வந்திருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. மூன்றாகக் கோர்த்து நின்ற ஒரு உருவத்தின் முன்னால் குந்தி, முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, முகம் இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கச் சுண்ணாம்பு போனது. அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. அவள் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

கடைசியில் நின்றவர் மட்டும் இன்னும் வெள்ளையாகவில்லை. சிவப்பாக இருந்தார். ஈ மொய்த்தது. தாடை இல்லாத அந்தத் தலை மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பியது.

அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். அவருக்கு முன்னால் நின்றவர். வரிசை முழுக்க, ஒருவர் பின் ஒருவராக. மூன்றாகக் கோர்த்து நின்றது திரும்பியது.

கடைசியாகப் பாக்யலட்சுமியும், கையில் முந்தானையோடு, அவளைத் திரும்பிப் பார்த்தாள்.